கணக்கும் கணினியும் – 9: டயப்பரும் சாட்டையும்

கைக்குழந்தைகளுக்கு சீசன் கிடையாது. கிறிஸ்துமஸ் என்று கூடுதலாக நனைப்பதும் இல்லை, கோடை விடுமுறை என்று குறைத்துக்கொள்வதும் இல்லை. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் 1837-ல் சோப்பும் மெழுகுவர்த்தியும் விற்கத் தொடங்கிய புராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனிக்கு, ‘பாம்பர்ஸ்’ டயப்பர் நிம்மதியான சரக்காக இருந்திருக்க வேண்டும். கடைகளில் விற்பனையும் ஏறக்குறைய ஒரே சீராகத்தான் போனது. ஆனால், மொத்த வியாபாரிகளிடமிருந்து கம்பெனிக்கு வந்த ஆர்டர்களோ ஒரு சமயம் மலை, ஒரு சமயம் மடு. கம்பெனி தன் பங்குக்கு 3எம் போன்ற மூலப்பொருள் சப்ளையர்களுக்குப் போட்ட ஆர்டர்களில் ஏற்ற இறக்கம் இன்னும் பெரிது.

கைப்பிடியை லேசாக அசைத்தால் நுனி காற்றைக் கிழிக்கும் சாட்டையைப் போல, கடைக்காரரிடம் சின்ன அசைவு, ஆலையில் பெரிய வீச்சு. நிர்வாகவியலில் இதற்கு ‘சாட்டை விளைவு’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

எம்.ஐ.டி. பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் 1950-களின் கடைசியிலேயே இந்த நோயை அடையாளம் காட்டியிருந்தார். அதைப் புரியவைக்க அங்கே ஒரு விளையாட்டு உண்டு. பெயர், பியர் விளையாட்டு. யாருக்கும் குடிக்கக் கிடைக்காது. கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலைக்காரர் என நான்கு பேர் வரிசையாக உட்கார வேண்டும். ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது; ஆர்டர் சீட்டு மட்டுமே கைமாறலாம். கேட்ட சரக்கு வந்துசேரச் சில வாரங்கள் ஆகும். வாடிக்கையாளர்கள் வாரத்துக்கு 4 பெட்டி வாங்கிக்கொண்டிருப்பார்கள். ஆட்டம் தொடங்கிச் சில வாரங்களில் அது 8 ஆகும். அதற்குப் பிறகு கடைசிவரை 8-தான்.

நடந்தது அந்த ஒரு மாற்றம் மட்டுமே. ஆனால், கடைக்காரர் பயந்துபோய்க் கொஞ்சம் கூட்டிக் கேட்பார். சரக்கு வரத் தாமதமானதும் இன்னும் கூட்டுவார். அவருக்கு மேலே இருப்பவர் அதற்கும் மேல் ஒரு கை சேர்த்துக் கேட்பார். சில வாரம் எங்கும் தட்டுப்பாடு. அப்புறம் கிடங்கு வழிய வழியச் சரக்கு. ஆட்டம் முடிந்ததும், “வாடிக்கையாளர் எப்படி வாங்கியிருப்பார், வரைந்து காட்டுங்கள்” என்று ஆலைக்காரராக உட்கார்ந்தவரிடம் கேட்டால், கடல் அலை போல வரைந்து தருவார். உண்மையில் அங்கே இருந்தது ஒரே ஒரு படிக்கட்டு.

இதில் யாரும் முட்டாள் இல்லை என்பதுதான் விசேஷம். 1997-ல் ஹாவ் லீ, பத்மநாபன், சியுங்ஜின் வாங் ஆகிய மூவரும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதற்கு நான்கு காரணங்களைச் சொன்னது. ஒன்று, கீழிருந்து வரும் ஆர்டரையே உண்மையான தேவை என்று நம்பி அவரவர் தனித்தனியாகக் கணிப்பது. இரண்டு, லாரி நிறையட்டும் என்று காத்திருந்து மொத்தமாக ஆர்டர் போடுவது. மூன்று, தள்ளுபடி அறிவித்தால் நான்கு மாதச் சரக்கை இன்றே வாங்கி அடுக்குவது. நான்கு, தட்டுப்பாட்டில் பாதிதான் தருவார்கள் என்று தெரிந்து இரண்டு மடங்காகக் கேட்பது. அவரவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயம். கூட்டிப் பார்த்தால் எல்லாருக்கும் நஷ்டம்.

நம்மூர் ஏஜென்சிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கம்பெனி ஏஜென்சிக்கு விற்பது ‘பிரைமரி’, ஏஜென்சி கடைகளுக்கு விற்பது ‘செகண்டரி’. மாதக் கடைசியில் டார்கெட்டுக்காக பிரைமரியைத் தள்ளிவிட்டுப் போகும் விற்பனைப் பிரதிநிதியை அவர்கள் நன்றாகவே அறிவார்கள்.

மருந்து என்னவோ எளிதுதான்: கடைக் கல்லாவில் நடப்பதை ஆலையும் பார்க்க வேண்டும். அதற்கான கருவிகளும் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. 1974 ஜூன் 26 அன்று ஒஹையோ மாநிலத்தின் டிராய் நகர சூப்பர் மார்க்கெட் ஒன்றில், ரிக்லி சூயிங்கம் பாக்கெட்டின் பார்கோடு முதன்முறையாகக் கல்லாவில் படிக்கப்பட்டது. 1979-ல் அமெரிக்காவில் எக்ஸ்12 என்ற குழு அமைந்து, கம்பெனிகளின் கணினிகள் தமக்குள் தாள் இல்லாமல் பேசிக்கொள்ள ஒரு பொது வடிவத்தை வகுத்தது. 850 என்றால் ஆர்டர், 810 என்றால் பில், 852 என்றால் விற்பனையும் கையிருப்பும். வால்மார்ட் தன் கடைகளையெல்லாம் ஆர்கன்சா மாநிலத்து பென்டன்வில் தலைமையகத்தோடு இணைக்கும் செயற்கைக்கோள் வலையமைப்பை 1987-ல் முடித்தது.

அதே 1987-ல்தான் இன்னொன்றும் நடந்தது. புராக்டர் அண்ட் கேம்பிளின் விற்பனைப் பிரிவு துணைத்தலைவர் லூ பிரிட்செட்டும் வால்மார்ட் நிறுவனர் சாம் வால்டனும், இருவருக்கும் பொதுவான நண்பர் ஒருவரின் ஏற்பாட்டில், ஆர்கன்சாவின் ஸ்பிரிங் ஆற்றில் துடுப்புப் படகில் போனார்கள். அதுவரை இரண்டு கம்பெனிகளுக்கும் இடையே இருந்தது விலைப் பேரம் மட்டுமே. ஒருவர் கையில் இருக்கும் தகவல் இன்னொருவருக்குத் தெரியாமலிருப்பதே லாபம் என்ற கணக்கு. படகுப் பயணத்துக்குப் பிறகு கணக்கு மாறியது. சோப்புக்கு ஒருவர், டயப்பருக்கு ஒருவர் என்று ஆளனுப்பிக்கொண்டிருந்த கம்பெனி, விற்பனை, நிதி, போக்குவரத்து, கணினி எல்லாவற்றுக்கும் ஆள் கொண்ட ஒரே குழுவை பென்டன்வில்லுக்குப் பக்கத்தில் ஃபேயெட்வில்லில் குடியமர்த்தியது.

பாம்பர்ஸ் எவ்வளவு விற்றது, கிடங்கில் எவ்வளவு மிச்சம் என்ற தகவல் கம்பெனியின் கணினிக்கே வரத் தொடங்கியது. எப்போது, எவ்வளவு அனுப்புவது என்று அவர்களே முடிவுசெய்தார்கள். ஆர்டர் போடுவது என்ற வேலையே வால்மார்ட்டுக்குக் குறைந்தது. 1990-களின் தொடக்கத்தில் கம்பெனி தன் தள்ளுபடிகளையும் வெட்டி, ஆண்டு முழுவதும் சீரான குறைந்த விலை என்ற முடிவுக்கு வந்தது. இதைக் கணினி செய்யவில்லை. செய்தது விற்பனைக் கொள்கை. இரண்டும் சேர்ந்ததால்தான் சாட்டை அடங்கியது.

கருவி இருந்தும் மனசு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலியின் பரிலா சாட்சி. பார்மா நகரில் 1877-ல் தொடங்கிய பாஸ்தா கம்பெனி. பாஸ்தாவையும் மக்கள் தினமும் ஒரே அளவில்தான் சாப்பிடுகிறார்கள். ஆர்டரோ குதித்துக் குதித்து வந்தது. “உங்கள் கையிருப்பு விவரத்தைத் தாருங்கள், எவ்வளவு அனுப்புவது என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று 1980-களின் இறுதியில் பரிலா தன் விநியோகஸ்தர்களிடம் கேட்டது. முடியாது என்றார்கள். ஸ்டாக் பார்ப்பது எங்கள் தொழில், எங்கள் கிடங்குக்குள் உங்களுக்கு என்ன வேலை என்பது அவர்கள் நியாயம். எதிர்ப்பு உள்ளேயும் இருந்தது. தள்ளுபடி காட்டிச் சரக்கைத் தள்ளி ஊக்கத்தொகை வாங்கிய விற்பனைப் பிரிவினர், தங்களுக்கு இனி என்ன வேலை என்று கலங்கினார்கள்.

திட்டத்தைக் கையில் வைத்திருந்த சரக்குப் போக்குவரத்து இயக்குநர் ஜோர்ஜியோ மஜ்ஜாலி வற்புறுத்தவில்லை. முதலில் ஃபுளோரன்ஸிலும் மிலானிலும் இருந்த கம்பெனியின் சொந்தக் கிடங்குகளில் செய்து பார்த்தார். கையிருப்பு குறைந்தது, அதே சமயம் கடைகளுக்கு இல்லை என்று சொல்வதும் குறைந்தது. இரண்டும் ஒன்றாகக் குறையாது என்பது கிடங்குக்காரர்களின் காலங்கால நம்பிக்கை. இரண்டும் குறைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வெளி விநியோகஸ்தர் ஒருவர் இசைந்தார். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள்.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1991-ல் வால்மார்ட் ‘ரீடெய்ல் லிங்க்’ என்ற அமைப்பைச் சப்ளையர்களுக்குத் திறந்தது. எந்தக் கடையில் தன் சரக்கு எவ்வளவு போனது என்று சப்ளையர் அதில் பார்க்கலாம். ஆனால், அவர் பார்ப்பது தன் சரக்கை. வால்மார்ட் பார்ப்பது எல்லாருடைய சரக்கையும். புராக்டர் அண்ட் கேம்பிள் போன்ற பெரிய கம்பெனி எதிர் நாற்காலியில் சமமாக உட்காரலாம். ஒரே ஒரு ஊறுகாய் பாட்டில் விற்பவருக்கு அந்த வசதி இல்லை. ‘சரக்கு தீர்ந்தது, உடனே அனுப்பு’ என்று திரை சொன்னால் அனுப்ப வேண்டியதுதான். கூட்டு வேலை என்று நாம் சொல்வதில், ஏட்டை யார் வைத்திருக்கிறார் என்பதும் சேர்த்தி.

ஆகவே, மென்பொருள் விற்பவர் வண்ண வண்ண வரைபடங்களோடு வரும்போது, விலை கேட்பதற்கு முன்னால் முடிவுசெய்ய வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. நம் கணக்கில் எந்தப் பக்கத்தை யாருக்குத் திறக்கப்போகிறோம்? பதிலுக்கு அவர் எந்தப் பக்கத்தைத் திறப்பார்? இதற்கு விடை இல்லாத இடத்தில் எந்த மென்பொருளும், பழைய ஆர்டர் சீட்டை வேகமாகக் கொண்டுபோகும் தபால்காரர் மட்டுமே.

ஒரே கம்பெனிக்குள்ளேயே இந்தச் சிக்கல் வந்தால்? ஹாம்பர்க்கில் ஒரு பதிப்பு, துலூஸில் ஒரு பதிப்பு என்று வரைபட மென்பொருள் வேறுபட்டதில், உலகின் மிகப் பெரிய பயணிகள் விமானத்துக்குள் வயர்கள் நீளம் போதாமல் நின்ற ஏர்பஸ் கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)