கறுப்புக் காரும் நாற்பது மைக்ரானும்

நிழலில் நிற்கும் கறுப்புக் காரில் ஒரு குறையும் தெரியாது. உச்சி வெயிலுக்கு வந்ததும் கதை மாறும். பானெட்டில் தெரியும் சூரிய பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் கோடுகள் மின்னும். தொழிலில் இதற்கு 'ஸ்வர்ல்' என்று பெயர். கோடுகள் வட்டமாக ஓடுவதில்லை. எல்லாத் திசையிலும் கிடக்கும் கீறல்களில், வெளிச்சத்துக்குக் குறுக்கே அமைந்தவை மட்டும் மின்னுவதால் வட்டம்போல் படுகிறது. வெள்ளைக் காரிலும் இதே கீறல்கள் உண்டு. அடிவண்ணத்திலிருந்து திரும்பிவரும் வெளிச்சம் அவற்றை மறைத்துவிடும். கறுப்போ வெளிச்சத்தை விழுங்கிவிடுவதால், கீறலில் பட்டுச் சிதறும் துளி ஒளிகூடத் தனித்துத் தெரியும்.

இந்தக் கீறல்கள் பெரும்பாலும் கறுப்பு வண்ணத்தைத் தொடுவதே இல்லை. அதன்மேல் பூசிய நிறமற்ற 'கிளியர் கோட்'டில்தான் விழுகின்றன. அதன் தடிமன் சுமார் 40 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. 2003-இல் மெர்சிடிஸ் பென்ஸ் நுண்ணிய செராமிக் துகள்கள் சேர்ந்த கிளியர் கோட்டை அறிமுகப்படுத்தியது. பொதுவாகவே ஜெர்மன் கார்களின் பூச்சு கடினம் என்று பெயரெடுத்தது. லேசில் கீறாது, கீறிவிட்டால் லேசில் போகவும் போகாது.

பாலிஷ் போடுவது கீறலை அழிப்பதல்ல. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்து இறக்குவதுதான். அதனால் முதலில் மீட்டர் வைத்துத் தடிமன் பார்ப்பார்கள். சாதாரண மீட்டர் எல்லா அடுக்கும் சேர்ந்த மொத்தத்தையே காட்டும். கிளியர் கோட் எவ்வளவு மிச்சம் என்பது ஊகம்தான். விளிம்புகளில் பூச்சு மெல்லியது என்பதால் அங்கெல்லாம் டேப் ஒட்டுவார்கள்.

முழுக் காரிலும் இறங்குவதற்குமுன் ஒரு சிறு இடத்தில் சோதனை நடக்கும். மென்மையான பூச்சில் ஃபோம் பேடும் நைசான பாலிஷுமே போதும். கடினமான பூச்சு அதற்கெல்லாம் மசியாது. அலுமினியம் ஆக்சைடு கலந்த காம்பவுண்டும் கம்பளி அல்லது மைக்ரோஃபைபர் பேடும் வேண்டும். ரோட்டரி மெஷின் வேகமாக வெட்டும். சூடும் அதிகம், கை தவறினால் பூச்சு தீய்ந்துவிடும். சுழன்றுகொண்டே ஆடவும் செய்யும் 'டூயல் ஆக்ஷன்' மெதுவானது, ஆனால் பாதுகாப்பானது. தேய்ந்த பூச்சுத் தூள் பேடில் அடைத்துக்கொண்டால் வெட்டும் திறன் போய்விடும். அவ்வப்போது பிரஷ்ஷால் தட்ட வேண்டும். அவசரக்காரர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

இதோடு முடிந்ததாக நினைத்தால் ஏமாற்றம்தான். பெரிய கீறல் போன இடத்தில் காம்பவுண்டே போட்ட மங்கல் மூட்டமாக நிற்கும். பாலிஷிலுள்ள எண்ணெய் அதை மறைத்து, பளபளவென்று காட்டும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலவையால் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தால் உண்மை வெளிவரும். பிறகு மென்மையான பேடும் நைஸ் பாலிஷுமாக இரண்டாம் சுற்று.

நகம் வைத்து இழுத்தால் தட்டுப்படும் கீறலை நல்ல கைக்காரர் முழுக்க எடுக்க முனைவதில்லை. அதன் ஓரங்களை மட்டும் மழுக்கி, மின்னுவதைக் குறைத்துவிட்டு அடுத்த கதவுக்கு நகர்ந்துவிடுவார்.