ஓதம் ஏறிய சுவர்

கார்த்திகை மழை ஓய்ந்ததும் ராயபுரம், திருவொற்றியூர் வீடுகளில் சுவர் உரியத் தொடங்கும். போன பொங்கலுக்கு அடித்த பெயிண்ட் முழங்கால் உயரத்துக்குக் கொப்புளம் கட்டி, தொட்டால் அப்பளமாய் நொறுங்கும். அடியில் பஞ்சு மாதிரி வெள்ளை உப்பு. “ஓதம் ஏறிடுச்சு” என்பார் கொத்தனார். ஓதம் என்றால் ஈரம். கடலலைக்கும் அதே பெயர். இந்தத் தெருக்களில் இரண்டுமே பொருந்தும்.

காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானே நீரை இழுத்துக் கரையும். குறைந்தால் மறுபடி படிகமாகும். கடலோரத்தில் இரவில் ஏறி நண்பகலில் இறங்குவது சகஜம். ஒவ்வொரு சுற்றிலும் படிகம் பூச்சின் நுண்துளைகளை நெருக்கி, மேலே இருக்கும் பெயிண்டைத் தள்ளும். அதன்மேல் இன்னொரு கோட் அடிப்பது காசைக் கரியாக்குகிற வேலை.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்: உடைந்த குழாயா, தரையா? பிறகு பொரிந்த பூச்சை, நல்ல பூச்சு தட்டுப்படும்வரை கொத்தி எடுக்க வேண்டும். உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து திரும்பவும் சுவருக்குள்ளேயே போகும். காய்ந்த பிரஷால் தட்டுவதுதான் சரி. புதுச் சிமென்ட் பூச்சுக்கு 28 நாள் பொறுமை தேவை. காய்ந்ததா என்று அறிய, ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒருநாள் விட்டால் போதும். உள்பக்கம் முத்து முத்தாக நீர் நின்றால் இன்னும் காத்திருக்க வேண்டியதுதான்.

அடுத்தது பட்டி. பெயிண்டர்கள் ‘பட்டி பார்ப்பது’ என்கிறார்கள். உண்மையில் பாதி வேலை பார்ப்பதுதான். மெல்லிசாக இரண்டு கை இழுத்து, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடிப்பார்கள். நேரே பார்த்தால் தெரியாத சின்ன மேடுகூட நிழலாக நீளும். கண் ஏமாந்தாலும் உள்ளங்கை ஏமாறாது.

ஒட்டுப்போட்ட இடம் பெயிண்டை அதிகம் குடிக்கும். பழைய இடம் குடிக்காது. அதனால் பிரைமர் அடிக்காமல் விட்டால், ஒரே டப்பா பெயிண்டும் இரண்டு நிறமாகத் தெரியும். பிரைமருக்குப் பிறகும் ஒட்டை மட்டும் அடிக்காமல், மூலையிலிருந்து மூலைவரை முழுச் சுவருக்கும் அடிப்பதே நல்லது.

அலுவலகத் தடுப்புகளில் உள்ள ஜிப்சம் போர்டு வேறு ரகம்: இரண்டு காகிதத்துக்கு நடுவே ஜிப்சம், பெரும்பாலும் 12.5 மில்லிமீட்டர் கனம். நாற்காலி இடித்த ஓட்டையைச் சதுரமாக வெட்டி, பின்னால் ஒரு மரச்சட்டத்தை ஸ்க்ரூவால் பிடித்து, புதுத் துண்டைப் பொருத்தி, விளிம்பில் டேப் ஒட்டுவார்கள். அதன்மேல் மூன்று கோட். ஒவ்வொன்றும் முந்தையதைவிட அகலம். முதலாவது நாலு விரல் என்றால், கடைசி ஓர் அடி. மேடு இருக்கத்தான் செய்யும், சரிவு நீளமானதால் கண்ணுக்குப் படாது.

1856-ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம் சுண்ணாம்புக் காலத்துக் கட்டடம். அந்த வயதுச் சுவர்களில் சிமென்ட் பூசுவது தப்பு. சுண்ணாம்பு வெளியே விடுகிற ஈரத்தைச் சிமென்ட் அடைத்துவிட, உப்பு செங்கலையே அரிக்கும். பழைய மெட்ராஸ் பூச்சில் கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்தார்கள். அதன் பளபளப்புக்குப் பெயிண்ட் காரணமல்ல, வழவழப்பான கல்லால் ஆள் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டே இருந்ததுதான்.