கோம்பை நாயின் குணம் அறிவோம்

தேனி மாவட்டம் உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கிறது கோம்பை. இந்த ஊரின் பெயரைத் தாங்கியதுதான் கோம்பை நாய். செவலை உடம்பு, கருத்த வாய். காட்டுப்பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் பேர்போனது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் நாட்டு நாய்களைப் பற்றிப் பேசியபோது, இராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறையோடு கோம்பையையும் சொன்னார். அதற்குப் பிறகு இந்த இனத்தைப் பலருக்குத் தெரியும். ஆனால் வீட்டில் வளரும் நாயின் சேட்டைகளுக்குக் காரணம் தெரிந்தவர்கள் குறைவு.

தென்னம்பாத்தியில் குழி பறித்துப் படுத்துக்கொள்கிறதா? நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. பாதங்களில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அதுவும் போதாதபோது, முடி குறைந்த அடிவயிற்றை ஈரமண்ணில் ஒட்டிவைத்துக்கொள்ளும். அதற்காக அடிக்காதீர்கள். நிழலும் தண்ணீரும் கொடுங்கள்.

இருட்டைப் பார்த்துக் குரைக்கிறதா? மனிதக் காதுக்கு எட்டுவது 20,000 ஹெர்ட்ஸ் வரைதான். நாய்க்கு ஏறத்தாழ 45,000 வரை கேட்கும். வைக்கோல் படப்புக்குள் எலி கத்துவது நமக்குக் கேட்காமல் போகலாம், அதற்குக் கேட்கும். நடுராத்திரியில் ஊளையிட்டால் கெட்ட சகுனம் என்று பயப்படுகிறோம். தூரத்தில் இருக்கும் நாய்க்கு அது கொடுக்கும் குரல்தான் ஊளை.

செருப்பைக் கடித்துப் போட்டுவிட்டுக் காதை மடக்கி, வாலை இடுக்கிக்கொண்டு நின்றால், தப்பை உணர்ந்துவிட்டது என்று நினைக்கிறோம். அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வு வேறு சொல்கிறது. தப்பே செய்யாத நாயும், வளர்ப்பவர் திட்டினால் அதே முகத்தைத்தான் காட்டியது. அது நம் கோபத்துக்குப் பயந்த முகம். எப்போதோ கடித்த செருப்புக்காக இப்போது அடித்தால், எதற்கு அடி என்றே அதற்குப் புரியாது.

கோம்பை என்றாலே முரட்டு நாய் என்று முடிவுகட்டுவதும் சரியில்லை. 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டி, 2022இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. நாய்க்கு நாய் நடத்தை மாறுபடுவதில் இனத்தின் பங்கு ஏறக்குறைய 9 சதவீதம்தான் என்றது அது. ஒரே ஈற்றுக் குட்டிகளில் ஒன்று வாசலை விட்டு நகராது. இன்னொன்று வருகிறவர் காலையெல்லாம் நக்கும். குட்டியிலேயே நாலு பேரோடு பழகவிட்டால் எந்த நாய்க்கும் பதற்றம் குறையும்.

நாயின் வழக்கம் தெரிந்திருந்தால்தான், அது மாறும்போது நம் கண்ணில் படும். கோம்பை இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் அப்படிக் கவனிக்கத் தனிக் காரணமே இருக்கிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை நமக்குப் பெருமை. நாய்க்கோ திராட்சை விஷம். சில நாய்களுக்குச் சிறுநீரகமே செயலிழந்துபோகும். எவ்வளவு தின்றால் ஆபத்து என்று அளவு சொல்ல முடியாது. பாயசத்தில் போடும் உலர் திராட்சையும் அப்படித்தான். பந்தலுக்குக் கீழே உதிர்ந்த பழத்தைப் பொறுக்கித் தின்றுவிட்டது என்று தெரிந்தால், வாந்தி எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தின்றதை நீங்கள் பார்க்காமலே இருந்திருக்கலாம். தினமும் வண்டிச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடிவருகிற நாய், ஒருநாள் படுத்த இடத்தைவிட்டு எழவில்லை என்றால் அன்றைக்கே விசாரியுங்கள். தனக்கு முடியவில்லை என்பதை அது அப்படித்தான் சொல்லும்.