மடக்குக் கத்திக்குப் பூட்டு எதற்கு?

அந்தமானின் லாங் ஐலண்டு தீவுக்குப் பெரும்பாலும் கடல்வழிதான். நடு அந்தமானில் ரங்கத் அருகே உள்ள யெரட்டா துறையிலிருந்து படகேற வேண்டும். இல்லையென்றால் ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து, அதாவது 2024 வரை போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட ஊரிலிருந்து, கப்பலில் வரவேண்டும். இத்தகைய தீவில் விரலின் தசைநாண் அறுந்துவிட்டால், அதை ஒட்டித் தைக்கும் அறுவை சிகிச்சைக்குக் கடல் தாண்டியாக வேண்டும். கயிறு அறுக்கவும், தூண்டில் இரை நறுக்கவும், லாலாஜி பே கடற்கரைக்கு நடந்து போகும்போது பழம் வெட்டவும் மடக்குக் கத்தி நல்ல துணை. ஆனால் அதை வாங்கும்போது கூர்மைக்கு முன்னால் பார்க்க வேண்டியது பூட்டைத்தான்.

வெட்டும்போது கையின் அழுத்தம் அலகைத் திறந்த நிலையிலேயே வைத்திருக்கும். அந்த விசையைத் தாங்கக் கைப்பிடிக்குள் ஒரு தடுப்பு உண்டு. அலகின் முதுகுப்பக்கம் விசை விழும்போதுதான் ஆபத்து. நுனியால் துளை போடும்போதும், மரத்தில் சிக்கிய அலகை ஆட்டி இழுக்கும்போதும் இதுவே நடக்கிறது. அலகு மடங்க முயலும். மடங்கும் வழியில் விரல்கள் இருக்கும். அந்த நேரத்தில் அலகைப் பிடித்து நிறுத்துவதே பூட்டின் வேலை.

எல்லா மடக்குக் கத்திகளுக்கும் பூட்டு இருப்பதில்லை. சிறிய சுவிஸ் கத்திகள் பலவற்றில் முதுகு ஸ்பிரிங் மட்டுமே அலகை நிறுத்தி வைக்கும். சற்று அழுத்தினால் மடங்கிவிடும். பிரான்சின் சவோய் பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் உருவாக்கிய கத்திக்கும் தொடக்கத்தில் பூட்டு கிடையாது. 1955இல்தான் அதில் திருகு வளையம் சேர்ந்தது. அலகைத் திறந்து வளையத்தைத் திருப்பினால் மடங்கும் வழி அடைபடும். எளிய, உறுதியான ஏற்பாடு. ஆனால் திருப்ப மறந்தால் பூட்டே இல்லை.

அமெரிக்காவின் பக் நிறுவனம் 1964இல் கொண்டுவந்த 110ஆம் எண் கத்தி, முதுகுப் பூட்டைப் பரவலாக்கியது. கைப்பிடியின் முதுகில் உள்ள எஃகுப் பட்டை சீசா பலகைபோல நடுவில் ஆணியில் ஆடும். அதன் முன்முனை அலகின் அடியில் உள்ள வெட்டுப் பள்ளத்தில் விழுந்து பிடித்துக்கொள்ளும். பின்முனையை அழுத்தினால் விடுபடும். 1980களில் கத்தி வடிவமைப்பாளர் மைக்கேல் வாக்கர் செம்மைப்படுத்திய உள்தகட்டுப் பூட்டில், மெல்லிய உலோகத் தகடு பக்கவாட்டில் வளைந்து அலகின் அடியில் முட்டுக் கொடுக்கும். 1998இல் பெஞ்ச்மேட் நிறுவனம் வெளியிட்ட பூட்டிலோ, ஒரு குறுக்குக் கம்பி அலகுக்கும் தடுப்புக்கும் இடையே ஆப்பாக நுழைகிறது. இதை மூடும்போது அலகின் பாதையில் விரலை வைக்கத் தேவையில்லை.

பூட்டின் வலிமை வேறு, நம்பகம் வேறு. பெரும் எடையைத் தாங்கும் பூட்டுகூட, சரியாகப் பொருந்தாவிட்டால் ஒரு சிறு தட்டலில் நழுவிவிடும். முதுகுப் பூட்டின் பள்ளத்தில் மணல் சேர்ந்தால் பட்டை முழுதாக இறங்காது. உள்தகட்டுப் பூட்டில் முட்டும் பரப்பு தேய்ந்தாலோ அங்கே எண்ணெய் படிந்தாலோ தகடு வழுக்கும்; முறுக்கிப் பிடிக்கும் விரலும் அதைத் தள்ளிவிடலாம்.

உப்புக் காற்றும் இரண்டு பருவமழைகளும் சேர்ந்த அந்தமானில் இந்தக் குறைகள் சீக்கிரமே தலைகாட்டும். துருப்பிடிக்காத எஃகைக் காப்பது குரோமியம் உண்டாக்கும் மெல்லிய ஆக்சைடு படலம். உப்பிலுள்ள குளோரைடு அதைத் துளைத்துச் சிறு குழிகளை உண்டாக்குகிறது. அலகு நல்ல எஃகாக இருந்தாலும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் வேறு வகை எஃகாக இருக்கக்கூடும். துரு அங்கே கண்ணுக்குத் தெரியாமல் வளரும். ஈரத்தில் ஒப்பினெலின் மரக் கைப்பிடி ஊதி அலகை இறுக்கிக்கொள்ளும். வளையத்தைத் திறந்த நிலையில் வைத்து, கைப்பிடியின் பின்முனையைக் கட்டையில் தட்டினால் அலகு சற்று வெளியே வரும் என்பது சவோய்க்காரர்களின் உத்தி.

கடலில் நனைந்த கத்தியை நல்ல தண்ணீரில் கழுவி, திறந்து வைத்து முழுக்க உலர்த்துங்கள். பல் குத்தும் குச்சியால் பள்ளத்து மணலை எடுங்கள். சுழல் ஆணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும். உள்தகடு முட்டும் பரப்பைத் துடைத்து உலர்வாக வையுங்கள். பிறகு கத்தியைத் திறந்து பூட்டி, அலகு மடங்கும் வழியில் விரல் இல்லாதபடி கைப்பிடியைப் பக்கவாட்டில் பற்றி, அலகின் முதுகை ஒரு கட்டையில் மெல்ல அழுத்திப் பாருங்கள். மேலும் கீழும் ஆட்டம் தெரிந்தாலோ பூட்டு நழுவினாலோ அந்தக் கத்தியைப் பழுது பார்க்கும்வரை பயன்படுத்தக் கூடாது. ஓங்கி அடித்துச் சோதிப்பது நல்ல பூட்டையும் கெடுத்துவிடும்.

இவ்வளவும் செய்தாலும் பூட்டு இரண்டாவது காப்புதான். முதல் காப்பு வேலைக்கேற்ற கருவி. இளநீர் சீவ, கட்டை பிளக்க, தேங்காய்க் கண்ணைக் குத்தித் திறக்க, மடங்காத கத்தியையே எடுங்கள். மடக்குக் கத்தியை இழுத்து அறுக்கும் வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டால், பூட்டின் பலத்தைச் சோதிக்கும் நிலை அநேகமாக வராது.