கொடுவாவின் கன்னத்தில் ஒரு கத்தி

ஜெர்மானிய மருத்துவர் மார்க்கஸ் எலியேசர் புளோக் 1790ஆம் ஆண்டில் ஒரு மீனை விவரித்து, அதற்கு ‘கால்கரிஃபர்’ என்று பெயர் சூட்டினார். லத்தீன் மொழியில் ‘குதிமுள் தாங்கியது’ என்று பொருள். குதிரை வீரன் தன் காலணியில் பூட்டிக்கொள்ளும் முள்ளைப் போன்ற ஒன்று அந்த மீனின் செவுள் மூடியில் இருக்கிறது. இன்று அதன் முழுப் பெயர் லேட்டஸ் கால்கரிஃபர். நாம் சியாக்காப் என்று மலாய்ப் பெயரால் அழைப்பதும், தமிழ்நாட்டில் கொடுவா என்பதும், வங்காளிகள் பேட்கி என்பதும், ஆஸ்திரேலியர்கள் பாராமுண்டி என்பதும் இந்த ஒரே மீனைத்தான்.

தூண்டில் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் அந்த லத்தீன் பெயரை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கொடுவாவின் பற்கள் வெல்வெட் துணியைப் போல் நுண்ணியவை. நூலை வெட்டும் கோரைப் பற்கள் அதற்கு இல்லை. ஆகவே இரும்புக் கம்பி தேவைப்படாது. நூலை அறுப்பது செவுள் மூடியின் விளிம்பு. மீன் தலையை உதறும்போது இறுகிய நூல் அந்த முள்ளின்மேல் உரசினால் ஒரே நொடியில் துண்டாகிவிடும். உப்புத்தாள் போன்ற அதன் உதடும் நூலைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

இதனால்தான் முதன்மை நூலுக்கும் முள்ளுக்கும் நடுவே தடித்த துண்டு நூல் ஒன்றைக் கட்டுகிறோம். மலாய்க்காரர்கள் அதைப் ‘பெராம்புட்’ என்பார்கள், கடைகளில் ‘லீடர்’. கொடுவாவுக்கு 40 முதல் 60 பவுண்டு வரையிலான லீடர், ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்தில் இருக்க வேண்டும். அதைவிடக் குட்டையாக இருந்தால் மீன் திரும்பும்போது மெல்லிய முதன்மை நூல் செவுள் மூடிக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

அணைக்கட்டு ஒரு களம், ஆறு வேறு களம்

கொடுவாவுக்கென்றே தூண்டில் சாமான்களைப் பற்றி அதிகம் எழுதப்பட்டிருப்பது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில்தான். அங்கே தினாரு, அவூங்கா, மொண்டுரான், புரோசர்பைன் போன்ற அணைக்கட்டு ஏரிகளில் பொரிப்பகக் குஞ்சுகளை விட்டு வளர்க்கிறார்கள். 2010இல் மொண்டுரான் ஏரியில் பிடிபட்ட கொடுவா 44.64 கிலோ எடை இருந்தது. தூண்டிலில் பிடித்ததற்கான உலகச் சாதனையாக அது பதிவானது.

அந்த ஏரிகளில் நீருக்கடியில் மூழ்கிய மரங்கள் நிற்கின்றன. நீர் தெளிவானது, நீரோட்டம் இல்லை. குளிர்காலத்தில் வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்கினால் மீன் மந்தமாகி இரை எடுக்க மறுக்கும். அதனால் அங்குள்ளவர்கள் காற்று எந்தக் கரைக்கு வெதுவெதுப்பான மேல்நீரைத் தள்ளுகிறது என்று பார்த்து நிற்கிறார்கள்.

கோலசிலாங்கூர் பக்கம் புக்கிட் பெலிம்பிங்கில் சிலாங்கூர் ஆற்றங்கரையில் நிற்பவருக்கு இந்த அறிவுரையில் பாதி பொருந்தாது. நம் நீர் ஆண்டு முழுதும் வெதுவெதுப்பானது. நீர் கலங்கல். இங்கே கொடுவாவின் கடிகாரம் வெப்பமல்ல, கடலின் ஏற்ற வற்றம். கிள்ளான் கடற்கரையில் முழுநிலவு, அமாவாசை நாள்களை ஒட்டிக் கடல் மட்டம் ஏறத்தாழ 4 மீட்டர் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்றம் ஆற்றுக்குள் நுழைந்து, பெரெம்பாங் மரங்களின் வேர்களை மூடித் திறக்கிறது. வற்றும் நீரோடு சிறுமீனும் இறாலும் ஓடைவாயிலிருந்து வெளியேறும். கொடுவா அங்கே காத்திருக்கும்.

இதிலிருந்து ஒரு சிக்கனம் பிறக்கிறது. ‘ஃபுளோரோகார்பன்’ லீடர் விலை கூடியது. அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.42, தண்ணீருடையது 1.33. நைலானைவிட இது தண்ணீரை நெருங்குவதால் மீனின் கண்ணுக்குக் குறைவாகத் தெரியும் என்பது வாதம். தெளிந்த ஏரியில் அது பயன்படலாம். ஒரு முழ ஆழத்தில் கையே தெரியாத சிலாங்கூர் ஆற்றில் அந்தக் கூடுதல் பணத்துக்குப் பலன் சொற்பம். நல்ல தடித்த நைலான் லீடரே போதும்.

நூலின் கணக்கு

முதன்மை நூலில் இரண்டு வகை. ஒன்று, ‘தங்சி’ என்று மலாயில் சொல்லப்படும் ஒற்றை நைலான் இழை. மற்றது, பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிச் செய்த நூல். குண்டு துளைக்காத சட்டைகளுக்குப் பயன்படும் பொருளின் உறவு அது. நைலான் இழுத்தால் கணிசமாக நீளும். பின்னல் நூல் மிகக் குறைவாகவே நீளும்.

வேர்க் காட்டின் ஓரத்தில் இந்த வேறுபாடுதான் மீனைத் தீர்மானிக்கிறது. முள் ஏறியதும் கொடுவா செய்யும் முதல் வேலை, வந்த வேருக்குள் திரும்பி ஓடுவது. 20 மீட்டர் நைலான் வெளியே இருந்தால், நீங்கள் எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் அது நீண்டு கொடுப்பதே மீனுக்குப் போதுமான தூரம். பின்னல் நூல் அந்த இடத்தைத் தராது. அதோடு, ஒரே வலிமைக்கு மெல்லியதாக இருப்பதால் தூரமாகவும் வீசலாம். ஆனால் சிப்பி ஒட்டிய வேரில் உரசினால் அது விரைவில் அறும். தடித்த லீடருக்கு இது இன்னொரு காரணம்.

ஆற்றுக்கு 30 பவுண்டு பின்னல் நூல் நியாயமான தேர்வு. 30 பவுண்டு என்றால் 13.6 கிலோ. ரீலின் ‘டிராக்’ பிடியை இதில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை, அதாவது 3.5 முதல் 4.5 கிலோவுக்குள் வைக்க வேண்டும். மீதி வலிமை முடிச்சின் பலவீனத்துக்கும் மீனின் திடீர் உதறலுக்கும் ஒதுக்கிய காப்பு. கையால் இழுத்துப் பார்த்து இதை மதிப்பிட முடியாது. வீட்டில் மீன் எடை போடும் தொங்கு தராசின் கொக்கியில் நூலைக் கட்டி, ரீல் வழுக்கும்போது முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று பாருங்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒரு இயற்பியல் உண்டு. டிராக் தருவது முறுக்குத் தடை. நூலின் இழுவிசை அந்த முறுக்கை ரீல் உருளையின் ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். நூல் நிறைந்திருக்கும்போது 50 மில்லிமீட்டர் குறுக்களவு உள்ள உருளை, மீன் ஓடி ஓடி 40 மில்லிமீட்டராகச் சுருங்கினால், திருகைத் தொடாமலே 3.5 கிலோ பிடி 4.4 கிலோவாக ஏறிவிடும். ‘கடைசி நேரத்தில் அறுந்துவிட்டது’ என்று சொல்லப்படும் கதைகள் பலவற்றுக்கு இதுவே காரணம். நீண்ட ஓட்டத்தின்போது டிராக்கைச் சற்றுத் தளர்த்த வேண்டும், இறுக்கக் கூடாது.

முடிச்சை இறுக்கும் முன் எச்சிலால் நனைப்பதும் வெறும் பழக்கம் அல்ல. உலர்ந்த நைலான் தன்மேலேயே உரசும்போது எழும் வெப்பம் அந்த இடத்தைப் பலவீனப்படுத்துகிறது.

கோலும் முள்ளும்

தோட்டத்து வாய்க்காலில் மூங்கில் கோலால் விராலும் கெளிறும் பிடித்த கைக்கு, நீண்ட கோல்தான் பலம் என்று தோன்றும். நெம்புகோல் கணக்கு வேறு சொல்கிறது. உங்கள் கை கோலின் அடியில், மீன் நுனியில். கோல் நீள நீள, நெம்புகோலின் நீண்ட பக்கம் மீனுக்குக் கிடைக்கிறது. 3.5 கிலோ இழுவைக்கே கை சோர்ந்துபோகும். படகில் ஆறு அல்லது ஆறரை அடிக் கோலும், கரையிலிருந்து வீச ஏழு அடிக் கோலும் போதும்.

கோலின் அடி விறைப்பாகவும் நுனி இளகியும் இருக்க வேண்டும். கொடுவா இரையைக் கடித்துப் பிடிப்பதில்லை. வாயையும் செவுளையும் கண்ணிமைக்கும் நேரத்தில் விரித்து, தண்ணீரோடு இரையை உள்ளே உறிஞ்சுகிறது. இரவில் ஆற்றோரம் கேட்கும் அந்த ‘பூப்’ ஒலி இதுதான். நீளாத நூலும் விறைத்த நுனியும் சேர்ந்தால் இரை உள்ளே போக இடமின்றி வாய்க்கு வெளியிலேயே நின்றுவிடும்.

போலி இரையில் தொழிற்சாலை மாட்டி அனுப்பும் மூன்று கிளை முட்கள் பெரும்பாலும் மெல்லியவை. 30 பவுண்டு நூலின் முன் அவை நிமிர்ந்துவிடும். சங்கிலியின் மெலிந்த கண்ணியைத்தான் மீன் தேடுகிறது. அவற்றைக் கழற்றிவிட்டுத் தடித்த ஒற்றை முள்ளை மாட்டுங்கள். உயிர் இறாலை மிதவையில் விடுபவர்களுக்கு வட்ட முள் ஏற்றது. அது தொண்டைக்குள் இறங்காமல் பெரும்பாலும் வாயின் ஓரத்தில் மாட்டும். அதற்குக் கோலை வெட்டி இழுக்காமல், நூலை மெதுவாகச் சுற்றினாலே போதும்.

பெரிய மீன் யார்?

இவ்வளவு பலமான சாமான் எதற்கு, மெல்லிய நூலில் பிடிப்பதல்லவா வீரம் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்விக்கு விடை மீனின் வாழ்க்கையில் இருக்கிறது.

கொடுவாக்களில் பெரும்பாலானவை ஆணாகவே முதிர்கின்றன. மூன்று நான்கு வயதில் ஆணாக இனப்பெருக்கம் செய்து, பிறகு ஒரு மீட்டரை நெருங்கும் காலத்தில் பெண்ணாக மாறுகின்றன. 120 சென்டிமீட்டர் நீளமுள்ள தாய் 3 முதல் 4 கோடி முட்டைகள் வரை இடக்கூடும். முட்டை பொரிக்க உப்பு நீர் வேண்டும்; ஆகவே ஆற்று மீன்கள் முகத்துவாரத்துக்கு இறங்குகின்றன. அணைக்கட்டில் அடைபட்ட மீனுக்கு அந்த வழி இல்லை. எவ்வளவு வளர்ந்தாலும் அதற்கு வாரிசு கிடையாது. குயின்ஸ்லாந்தின் கிழக்குக் கரை ஆறுகளில் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்ததையும் 120க்கு மேற்பட்டதையும் விட்டுவிட வேண்டும் என்று விதி இருக்கும்போது, குஞ்சு விட்டு வளர்க்கும் ஏரிகளுக்கு மட்டும் மேல் அளவில் தளர்வு தந்திருப்பது இதனால்தான்.

சிலாங்கூர் ஆற்றில் மாட்டும் மீட்டர் மீன் அணைக்கட்டு மீன் அல்ல. அது பெரும்பாலும் ஒரு தாய். அதைப் படம் எடுத்துவிட்டு உயிரோடு விட நினைத்தால், நேரமே உயிர். நீண்ட போராட்டத்தில் மீனின் வெள்ளைத் தசை பிராணவாயு இல்லாமல் உழைத்து லாக்டிக் அமிலத்தைச் சேர்க்கிறது. 20 பாகை நன்னீர் ஒரு லிட்டரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 பாகையில் அது ஏழரை மில்லிகிராம்தான். உப்பு கலந்தால் இன்னும் குறைவு. நம் ஆற்றில் களைத்த மீன் தேறுவது குளிர்ந்த ஏரியைவிடக் கடினம். மெல்லிய நூலில் அரை மணி நேரம் ஆட்டுவது வீரமாக இருக்கலாம், மீனுக்குக் கருணை அல்ல. பலமான நூலில் விரைவில் முடிப்பதே கருணை.

உதட்டில் கவ்வும் கருவியால் பெரிய மீனைச் செங்குத்தாகத் தூக்குவதையும் தவிர்க்க வேண்டும். கொடுவாவை வைத்தே ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வு ஒன்று 2009இல் வெளிவந்தது. அந்தக் கருவிகள் வாயின் அடிப்பகுதியில் காயம் ஏற்படுத்துவதை அது காட்டியது. முடிச்சில்லாத ரப்பர் வலையில் ஏந்தி, வயிற்றுக்குக் கீழே கை கொடுத்துக் கிடைமட்டமாகப் பிடிப்பதே சரி. முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் முன்பே நசுக்கி வைத்தால் கழற்றுவது நொடி வேலை.

உண்பதற்காகப் பிடிப்பவருக்குக் கட்டணக் குளங்கள் இருக்கின்றன. அங்குள்ளவை பண்ணை மீன்கள். ஒளிய வேர் இல்லை. 15 பவுண்டு நூலே தாராளம்.

மரத்தில் விட்டு வரும் நூல்

புக்கிட் பெலிம்பிங் ஆற்றங்கரைக்கு இன்னொரு குடியிருப்பும் உண்டு. அதே பெரெம்பாங் மரங்களில்தான் இரவில் மின்மினிகள் கூடி ஒரே தாளத்தில் மின்னுகின்றன. அந்த ஒளி ஆணும் பெண்ணும் பேசிக்கொள்ளும் மொழி. தலையில் மாட்டும் பிரகாசமான விளக்கை மரத்தின்மேல் பாய்ச்சினால் அந்தப் பேச்சு தடைபடும். இரவுத் தூண்டிலுக்கு மங்கிய சிவப்பு விளக்கை, கீழ்நோக்கி மட்டும் பயன்படுத்தலாம்.

கிளையில் சிக்கி அறுந்த நூல் மக்காது. ஆண்டுக்கணக்கில் அங்கேயே தொங்கிப் பறவையின் காலையும் சிறகையும் சுற்றும். கிளையை முறித்து எடுப்பதும் தீர்வல்ல. பலமான லீடரும் பலமான முடிச்சும் இருந்தால், சிக்கிய போலி இரை பெரும்பாலும் நூலோடு திரும்பி வரும். முடியாதபோது படகை அருகில் கொண்டுபோய், இயன்றவரை குட்டையாக வெட்டி எடுங்கள்.

பையில் வைக்க

ஆறரை அடிக் கோல். 30 பவுண்டு பின்னல் நூல் நிறைந்த ரீல். 50 பவுண்டு நைலான் லீடர் ஒரு சுருள். தடித்த ஒற்றை முட்கள், வட்ட முட்கள். சுழலும் ‘கிலி-கிலி’ சில. தொங்கு தராசு, குறடு, ரப்பர் வலை, சிவப்பு விளக்கு. அறுந்த நூலைப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவர ஒரு பழைய டப்பா. புறப்படும் முன் ஏற்ற வற்ற அட்டவணையைப் பார்த்து, நீர் வற்றத் தொடங்கும் நேரத்துக்கு ஓடைவாயில் இருங்கள்.