பாஸ்வேர்டு சரிதான், ஆனா உள்ள விட மாட்டேங்குது!

நாளைக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ. வீடியோவும் டேட்டாசெட்டும் உங்க உபுண்டு லேப்டாப்ல இருக்கு, ரிப்போர்ட் ஃப்ரெண்டோட விண்டோஸ்ல இருக்கு. ஃபோல்டரை ஷேர் பண்ணியாச்சு, ஆனா விண்டோஸ்ல 'நெட்வொர்க்' திறந்தா உங்க லேப்டாப் பேரே காணோம். உடனே சாம்பாவை அன்இன்ஸ்டால் பண்ணிடாதீங்க!

அந்தப் பட்டியல்ல பேர் தெரியாததும் கனெக்ஷன் கிடைக்காததும் வேற வேற விஷயம். பேர் காட்டுறதுக்கு இப்போ விண்டோஸ் வேறொரு முறையைப் பயன்படுத்துது, சாம்பா தானா அதைப் பேசாது. அதனால பட்டியலை மறந்துட்டு, எக்ஸ்ப்ளோரர் அட்ரஸ் பாரில் ரெண்டு பேக்ஸ்லாஷ் போட்டு லினக்ஸோட ஐபி முகவரியை நேரா அடிங்க. பாதி நேரம் இதிலேயே வேலை முடிஞ்சுடும்.

முடியலையா? விண்டோஸிலிருந்து அந்த ஐபிக்கு பிங் பண்ணுங்க. பதில் வரலைன்னா ஹாஸ்டல் வைஃபையைச் சந்தேகப்படலாம். பொது வைஃபைகளில் ஒரு கருவி இன்னொன்றைத் தொட முடியாதபடி பிரிச்சு வைக்கிறது வழக்கம். ரெண்டு லேப்டாப்பையும் ஒரே மொபைல் ஹாட்ஸ்பாட்டில் போட்டுப் பாருங்க. பிங் வருது, ஷேர் மட்டும் திறக்கலைன்னா லினக்ஸ் ஃபயர்வாலில் 445ஆம் போர்ட் மூடியிருக்கலாம்.

இனிமேதான் எல்லாரும் மாட்டுற இடம். யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கும். லினக்ஸில் லாகின் பண்ற அதே பாஸ்வேர்டைப் போடுவீங்க. தப்புன்னு சொல்லும். பத்து தடவை போட்டாலும் அதே பதில்தான். காரணம், விண்டோஸ் பாஸ்வேர்டைச் சரிபார்க்கிற விதத்துக்கு வேற வகை ஹாஷ் தேவை. லினக்ஸ் வெச்சிருக்கிற ஹாஷிலிருந்து அதை உருவாக்க முடியாது. அதனால சாம்பா தனக்குன்னு ஒரு பாஸ்வேர்டு பட்டியல் வெச்சிருக்கு, அதுல உங்க பேரை நீங்கதான் சேர்க்கணும். டெர்மினலில் சூடோ போட்டு 'எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி' கட்டளை, ஒரு இடைவெளி விட்டு 'மைனஸ் ஏ', அப்புறம் உங்க லினக்ஸ் யூசர்நேம். எல்லாம் சின்ன எழுத்துல. கேட்கிற புது பாஸ்வேர்டைக் கொடுத்தா போதும்.

அப்புறமும் விடலையா? விண்டோஸ் பழைய லாகினைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். ஒரே சர்வருக்கு ஒரே நேரத்துல ரெண்டு யூசர் பேரில் போக அது விடாது, 1219 பிழை வரும். லாக் ஆஃப் பண்ணிட்டு வாங்க. கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமிச்சு வெச்சிருந்தா அதையும் அழிச்சுடுங்க.

உள்ளே போயாச்சு, ஃபைலை சேவ் பண்ண முடியலைன்னா ரெண்டு பூட்டு இருக்குன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. சாம்பா எதையும் முதலில் படிக்க மட்டும்தான் தரும். அதை மாத்தினாலும், லினக்ஸ் ஃபோல்டரோட சொந்த அனுமதியும் இடம் கொடுக்கணும். உபுண்டு 21.04லிருந்து புதுசா உருவாகிற ஹோம் ஃபோல்டருக்குள்ள மத்த யூசர்களால நுழையவே முடியாது. டீம் முழுக்க பயன்படுத்தணும்னா ஷேர் ஃபோல்டரை ஹோமுக்கு வெளியே வைங்க.

யூடியூபில் யாராவது 'எஸ்எம்பி 1.0ஐ ஆன் பண்ணுங்க, எல்லாம் சரியாகிடும்'னு சொன்னா தயவுசெஞ்சு கேட்காதீங்க. 2017 மே மாசம் வான்னாக்ரை உலகம் முழுக்கப் பரவினது அதுல இருந்த ஓட்டை வழியாத்தான். நாளைக்கு ரிவ்யூ இருக்கிற லேப்டாப்ல அந்தக் கதவைத் திறக்கவே வேண்டாம். எதுவுமே சரிவரலைன்னா பென்டிரைவ் இருக்கவே இருக்கு.