வாளியில் உறைந்த விருந்து

இறைச்சித் துண்டை வயலில் வீசிவிட்டுத் துப்பாக்கியோடு உட்கார்ந்தால் கயோட்டி சிக்கிவிடும் என்று நினைப்பவர்களுக்கு அதன் குணம் தெரியாது. வரும், கவ்வும், இருட்டுக்குள் ஓடிவிடும். குறி பார்க்க எங்கே நேரம்? மேற்கு மினசோட்டாவில் எங்கள் வீட்டை ஒட்டி ஆட்டுப்பண்ணை வைத்திருக்கும் பெரியவர் இதற்குக் கண்ட வழி, ஒரு பிளாஸ்டிக் வாளி.

கயோட்டி நம் ஊர் நரியைவிடப் பெரியது, ஓநாயைவிடச் சிறியது. எலி, முயல், மான்குட்டி, தர்பூசணி என்று எதையும் விடாது. மனிதர்கள் ஓநாயை ஒழித்த இடங்களிலெல்லாம் போய்க் குடியேறியது. இன்று அமெரிக்காவில் ஹவாயைத் தவிர அது இல்லாத மாநிலம் கிடையாது. மினசோட்டாவில் ஆண்டு முழுவதும் அதை வேட்டையாடலாம்.

வாளி 19 லிட்டர் பிடிக்கும். கறிக்கடையில் கழிக்கும் கொழுப்பு, ஜவ்வு, எலும்பு, மீன் தலை எல்லாவற்றையும் அதில் நிரப்பி, இரத்தம் கலந்த தண்ணீரை விளிம்புவரை ஊற்றிக் கொட்டகைக்கு வெளியே வைத்துவிடுவார். ஜனவரிக் குளிரில் அது கல்லாக இறுகிவிடும். வாளியின் வெளிப்புறத்தில் வெந்நீர் ஊற்றிக் கவிழ்த்தால் முழுக் கட்டியாக வழுக்கி விழும். அதைக் கயோட்டியால் கவ்விக்கொண்டு ஓட முடியாது. நின்று, பல்லால் சுரண்டிச் சுரண்டித்தான் தின்ன வேண்டும். வேட்டைக்காரருக்கு வேண்டியது அந்த நேரம்தான்.

வாசனைக்குத் தனிச் சரக்கு உண்டு. கோடையில் மீன் துண்டுகளைக் கண்ணாடி ஜாடியில் போட்டு வெயிலில் வைப்பார்கள். மூடியை இறுக்கக் கூடாது. வாயு சேர்ந்து ஜாடி வெடித்துவிடும். மீன் அழுகிக் கரைந்ததும் மேலே மிதக்கும் எண்ணெயை வடித்து, குளிரில் உறையாமலிருக்கக் கிளிசரின் சேர்ப்பார்கள். கருவாட்டுக்குப் பழகிய மூக்குதான் என்னுடையது. அந்த ஜாடியைத் திறந்தபோது அதுவே தோற்றது. பெட்ரோலியம் ஜெல்லியில் ஸ்கங்க் என்னும் விலங்கின் நாற்றச் சுரப்பைக் குழைத்துக் கம்பத்தில் தடவுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த ரகசியக் கலவைகளுக்கு இத்தனை பெருமை வேண்டியதில்லை என்பேன். கயோட்டி இரைக்கு நேராக வராது. காற்று வீசிப்போகும் பக்கமாகச் சுற்றி வந்து மோப்பம் பிடித்துவிட்டுத்தான் நெருங்கும். தம் வாடை அந்தப் பக்கம் போகாத இடமாகப் பார்த்து உட்காரத் தெரியாதவருக்கு எந்த எண்ணெயும் உதவாது.

வாளியில் என்ன போடக் கூடாது என்பது அதைவிட முக்கியம். ஒரு காலத்தில் ஆட்டுப் பண்ணையாளர்கள் செத்த ஆட்டில் ஸ்ட்ரிக்னைன் நஞ்சைத் திணித்துப் போட்டுவைத்தார்கள். தின்ற கழுகும் நாயும் சேர்ந்தே செத்தன. 1972இல் அதிபர் நிக்சன், கூட்டரசு நிலங்களில் இப்படி நஞ்சு வைப்பதைத் தடை செய்தார். பத்தாண்டில் ரீகன் அந்த ஆணையை நீக்கினார். நஞ்சு வைப்பதை நான் வேட்டையென்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தெரியாமல் வைக்கும் நஞ்சும் உண்டு. நோயுற்ற கால்நடையை வலியில்லாமல் சாகவைக்க மருத்துவர் போடும் பென்டோபார்பிட்டால் அதன் உடலிலேயே தங்கிவிடும். அந்தச் சடலத்தைக் கொத்தி வெண்தலைக் கழுகுகள் செத்திருக்கின்றன.

போன நவம்பரில் பெரியவரின் கிழட்டுக் குதிரைக்கு அந்த ஊசி போட வேண்டி வந்தது. வேட்டைக்கார நண்பர் ஒருவர், இரைக்கு ஆகுமே என்று உடலைக் கேட்டார். பெரியவர் கொடுக்கவில்லை. நிலம் உறைந்தால் தோண்ட முடியாதென்று அன்று மாலையே பொக்லைனை வரவழைத்துவிட்டார்.